குழிக்குச் சாதி கிடையாதாம்!

போன வாரம் டீக்கடையில் ஒரு கல்லூரித் தம்பி மடக்கினார். "தோழர், சாதிக்கொடுமையப் பத்தி எழுதுறீங்க, சரி. ரோட்டுல குழி கெடக்குறதையும் ஏன் தலித் பிரச்சினைன்னு எழுதுறீங்க? குழிக்கு என்ன சாதி? கார்ல போறவனும்தான் குலுங்குறான்!"

கேள்வி நியாயமானதுதான். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே.

கார்ல போறவர் குலுங்குகிறார். பைக்கில் போகிறவர் விழுகிறார். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் செத்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். குழிகளால் மட்டும் அந்த ஓராண்டில் 1,856 பேர் செத்தார்கள். இது நான் போட்ட கணக்கில்லை, ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்டது. நமக்குத் தெரிந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு வீட்டுக்குத் திரும்பினார். முந்தைய நாள் மழை. ரோடு முழுக்கத் தண்ணீர், அதில் குழி எது, ரோடு எது? தோள்பட்டை எலும்பு போய் மூன்று வாரம் வீட்டில் கிடந்தார். போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. பைக்குக்குத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. கார்க்காரருக்கு அதே குழியில் டயர் போயிருக்கும். இரண்டும் ஒரே நட்டமா?

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆர்ச் கேட்டுக்கு உள்ளே வட்டம் வட்டமாகத் திட்டமிட்டுக் கட்டிய நகரியம். அகலமான வீதி, இரண்டு பக்கமும் மர நிழல். 1956இல் நிறுவனம் தொடங்கிய காலத்திலேயே காகிதத்தில் கோடு போட்டுப் பிரித்த ஊர் அது. அந்த நிழலை நான் குறை சொல்லவில்லை, வெயிலில் வந்தால் நானும் அங்கேதான் வண்டியை நிறுத்துவேன். ஆனால் அந்த நகரியத்துக்கும் சுரங்கத்துக்கும் நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போன ஊர்களுக்கு யார் கோடு போட்டார்கள்? பட்டா வைத்திருந்தவருக்குப் பணமாவது வந்தது. அதே நிலத்தில் தலைமுறையாக நாற்று நட்டு, களை பறித்துக் கூலி வாங்கிய சேரிக்காரருக்குப் பட்டாவும் இல்லை, இழப்பீடும் இல்லை. வயலோடு வேலை போனது. இப்போது வேலை தேடி இருபது, முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறார். அவர் வாழ்க்கையில் ரோடு வந்து உட்கார்ந்த கதை இதுதான்.

அந்த ரோடு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். நகரிய வீதி நிறுவனத்துக்கு, ஊர்ச்சாலை ஊராட்சிக்கு அல்லது ஒன்றியத்துக்கு, மாவட்டச் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு, விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலை தேசிய நெடுஞ்சாலைக்கு. அதை நான்குவழியாக்கும் வேலையில் விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்புப் பகுதி ஆண்டுக்கணக்கில் இழுத்த இழுப்பு இந்தப் பக்கத்து மக்களின் முதுகெலும்புக்குத் தெரியும். அது தேசிய நெடுஞ்சாலை. அமைச்சர் போவார், பத்திரிகை எழுதும், சட்டமன்றத்தில் பேசுவார்கள். மெயின் ரோட்டிலிருந்து சேரிக்குத் திரும்பும் அரைக் கிலோமீட்டருக்கு யார் பேசுவார்?

அந்த அரைக் கிலோமீட்டரில் ரோடு போட்டால்கூட நிம்மதி இல்லை. ஒரு அம்மா சொன்னார்: "எங்களுக்கு என்னா தம்பி, ரோடு போடாட்டியும் கஷ்டம், போட்டாலும் கஷ்டம்." எனக்கு முதலில் புரியவில்லை. வாசலைக் காட்டினார். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஒவ்வொரு முறையும் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. சேரி ஏற்கெனவே தாழ்ந்த நிலத்தில்தான் இருக்கும், மேட்டை யார் நமக்குக் கொடுத்தார்கள்? பக்கத்தில் வடிகாலும் கிடையாது. மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் அடுப்பங்கரைக்கு வருகிறது. வடிய வழியில்லாமல் நிற்கும் தண்ணீர் அடுத்த பக்கம் தாரைப் பிய்த்துக் குழியும் போடுகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைக்கும் உத்தரவு போட்டார். அந்த உத்தரவு சேரி வரை நடந்து வரவில்லை. ரோடு சரியில்லை போல.

இன்னும் "இதுல சாதி எங்க?" என்று கேட்பவர்களுக்கு: பொதுச்சாலையில் நடக்கும் உரிமையை நம் தாத்தாக்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அதற்காக நின்றவர் இரட்டைமலை சீனிவாசன். அதே ஆண்டுதான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகப் போராட்டம். தொண்ணூற்றைந்து வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் பிணத்தைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் பாதை அடைபட்டிருந்தது. வழியை மறிப்பது ஒரு வகை. வழியே இல்லாமல் விடுவது இன்னொரு வகை, அதற்குக் கோப்பு போதும், ஆள் நின்று மறிக்க வேண்டாம்.

பணம் இல்லை என்பார்கள். நம்பாதீர்கள். 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே பெற்ற சுரங்கக் குத்தகை என்றால் அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகையில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை அந்த அறக்கட்டளைக்குத் தர வேண்டும். நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் இதற்குள் அடக்கம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் அது. பெரும்பகுதி குடிநீர், மருத்துவம், கல்விக்கு, மீதியில் சாலைக்கும் இடமுண்டு. வரவு, செலவு, கூட்ட முடிவு எல்லாவற்றையும் இணையதளத்தில் போட வேண்டும் என்பதும் விதி. இது தவிர, தலித் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்கென்று அயோத்திதாசர் பெயரில் ஐந்தாண்டுக்கு 1,000 கோடி ரூபாய்த் திட்டத்தை 2023இல் மாநில அரசு அறிவித்தது. 2024இல் பட்டியல் சாதி, பழங்குடி துணைத்திட்டத்துக்குச் சட்டமே வந்துவிட்டது. 2025இல் 'காலனி' என்ற சொல்லை நீக்குவோம் என்று முதல்வர் அறிவித்தார். சொல் போகட்டும், மகிழ்ச்சி. பலகையை மாற்ற வரும் வண்டி உள்ளே வர ரோடு வேண்டுமே!

சட்டத்தின் தராசையும் பாருங்கள். ஹெல்மெட் போடாவிட்டால் தமிழ்நாட்டில் உங்களுக்கு 1,000 ரூபாய் அபராதம், அந்த இடத்திலேயே. (போடுங்கள், தயவுசெய்து.) சாலையைத் தரமில்லாமல் போட்ட, பராமரிக்காத அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவின்படி அதிகபட்சம் ஒரு லட்சம். அதுவும் யாராவது செத்தால், ஊனமானால் மட்டும். எத்தனை காவல் நிலையத்தில் அந்தப் பிரிவில் வழக்குப் பதிகிறார்கள்? நம் ஆள் விழுந்தால் முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்றுதானே எழுதுகிறார்கள்? செத்தவனே குற்றவாளி.

கல்லூரித் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேலை. மீம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, கூடவே இதையும் செய்யுங்கள். உங்கள் தெரு ரோடு எந்தப் பதிவேட்டில், யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எப்போது, எவ்வளவுக்குப் போட்டார்கள், ஒப்பந்ததாரர் எத்தனை ஆண்டு வரை தன் செலவில் பழுது பார்க்க வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான். கனிம அறக்கட்டளைப் பணத்தில் உங்கள் ஊராட்சிக்கு வந்தது எவ்வளவு, அதில் சேரிக்குள் வந்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள். அடுப்பங்கரையில் தண்ணீர் நிற்கும் அந்த அம்மாவையும் கூட்டிப் போங்கள். பைக்கில் பின்னால் உட்காரப் பயப்படுவார், மெதுவாக ஓட்டுங்கள்.