அடங்கிப்போவது வேறு, தன்னடக்கம் வேறு

தன்னடக்கம் தூய ஆவியின் கனிகளுள் ஒன்று. புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் ஒன்பது கனிகளைக் கூறி, தன்னடக்கத்தை இறுதியில் வைக்கிறார். தவக்காலத்தின் 40 நாட்களிலும் இதுபற்றி எமது ஆலயங்களில் பிரசங்கங்கள் நடைபெறுகின்றன. ஆனால் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பம் ஒன்றின் காதில் இச்சொல் எப்படி விழுகிறது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

1995இல் வலிகாமத்திலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக் கிராமங்களிலிருந்தும் எம் மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினர். காணி, கிணறு, மாடு, விதைநெல் யாவும் பின்னே நின்றுவிட்டன. எங்கே படுப்பது, எதைச் சாப்பிடுவது, எந்த வரிசையில் நிற்பது என்பதையெல்லாம் பிறரே தீர்மானித்தனர். போர் முடிந்த பின்னரும் எல்லோரும் சொந்தக் காணிக்குத் திரும்பிவிடவில்லை. இவர்களிடம் சென்று அடக்கமாக இருங்கள் என்று சொன்னால், இன்னும் எவ்வளவுதான் அடங்குவது என்று கேட்பார்கள். அக்கேள்வி நியாயமானதே.

அடங்கிப்போவது வேறு, தன்னடக்கம் வேறு என்பதே எமது கருத்து. அச்சத்தாலும் பசியாலும் பிறர் எம்மை அடக்குவது ஒன்று. எம்மை நாமே ஆள்வது மற்றொன்று. தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஆனால் மௌனமாகவும் இருக்கவில்லை. தாம் பேசியதில் தவறு என்ன, எதற்காக அடித்தாய் என்று அவனிடம் கேட்டார் என யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. கையை அடக்கினார், நியாயம் கேட்கும் நாவை அடக்கவில்லை. எனவே காணிக்காக மனுக் கொடுப்பதும், நிவாரணத்தில் குறையிருந்தால் கேட்பதும் தன்னடக்கத்துக்கு விரோதமானவை அல்ல.

கமக்காரனுக்குத் தன்னடக்கத்தை விளங்கப்படுத்தப் பெரிய உபதேசம் தேவையில்லை. விதைநெல்லே போதும். ஓர் ஏக்கர் விதைக்க ஏறக்குறைய 2 புசல் நெல் வேண்டும். அதைக் குற்றினால் 27 கிலோ அளவில் அரிசி கிடைக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது இரண்டு வாரச் சாப்பாடு. பிள்ளைகள் பசித்திருக்க, அந்தச் சாக்கை அவிழ்க்காமல் ஐப்பசி மழைக்காகக் காத்திருக்கும் தாய் தகப்பனின் தன்னடக்கத்துக்கு எந்தத் துறவியின் உபவாசம் ஈடாகும்? ஆனால் இதைத் தனி ஒரு குடும்பத்தின் தலையில் சுமத்துவது கொடுமை. அடுத்த வீட்டில் அரிசி இருக்கும்போது ஒரு வீட்டின் விதைநெல் அடுப்புக்குப் போகுமானால், அங்கே தன்னடக்கம் தவறியது அடுத்த வீட்டிலேயே.

தொடக்க நூலில் யோசேப்பின் வரலாற்றை நாம் அறிவோம். செழிப்பான ஏழு ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்திலொரு பங்கு சேமிக்கப்பட்டது. அதை நாம் மெச்சுகிறோம். ஆனால் 47ஆம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். சேமிப்பு அரசனின் களஞ்சியத்தில் இருந்தபடியால், பஞ்சம் வந்ததும் மக்கள் முதலில் பணத்தையும், பின்பு மந்தைகளையும், கடைசியில் நிலத்தையும் கொடுத்தே தானியம் பெற்றனர். சிக்கனம் மட்டும் போதாது. சேமிப்பு எவர் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

போருக்குப் பின் வந்த நுண்கடன்கள் இதை எமக்குக் கசப்போடு கற்பித்தன. கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்த தவணையைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மற்றொன்று என்று எத்தனையோ பெண்கள் அலைந்தனர். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. கடன்பட்டவர்களுக்கே எல்லோரும் புத்தி சொன்னார்கள். திருப்பிக் கட்ட வழியில்லை என்று தெரிந்தும் கொடுத்தவர்களுக்குத் தன்னடக்கம் வேண்டாமா?

கசிப்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. இழப்பின் வேதனையை மறக்கக் குடிக்கத் தொடங்கியவர்கள் பலர். அவர்களைப் பழித்துப் பயனில்லை. ஆயினும் நாட்கூலி கசிப்பில் கரையும்போது, போர் எடுக்காமல் விட்ட மிச்சத்தையும் நாமே கொடுத்துவிடுகிறோம். அத்தகையவரைத் தனியே விடாமல், மாலை நேரத்தில் வேலைக்கோ கூட்டத்துக்கோ கூட்டிச்செல்லும் நண்பர் இருவர் ஊரில் இருந்தால் அதுவே நல்ல மருந்து.

சேர்ந்து அடக்கமாயிருப்பது எமக்குப் புதிதல்ல. இரணைமடு, கட்டுக்கரை போன்ற குளங்களின் கீழ் சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடி, குளத்து நீரின் அளவைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவுசெய்கிறார்கள். நீர் குறைந்த ஆண்டில் எல்லோரும் குறைத்து விதைக்கிறார்கள். ஒருவர் மீறினால் கடைசி வாய்க்காலில் உள்ளவரின் பயிர் கருகும். இதுவே சமூகத் தன்னடக்கம்.

இதே முறையில் விதையையும் காக்கலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, அறுவடை நாளிலேயே குடும்பத்துக்கு 2 புசல் வீதம் ஒதுக்கினால் 20 புசல் சேரும். அது பத்து ஏக்கருக்கு விதை. பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும் பதத்துக்குக் காயவைத்து, ஒரே இடத்தில் நிலத்தில் படாமல் அடுக்கி, திறப்பை இருவரிடம் கொடுத்து வைக்கலாம். கூடவே ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தால், பசித்த வீட்டுக்குக் கொடுக்க ஒரு பானை இருக்கும். விதைநெல்லில் கைவைக்கும் தேவையும் குறையும். காணி இல்லாதவர்கள் பிடியரிசியோடு தொடங்கலாம்.

வரும் அறுவடையில் இதைத் தொடங்குவோம். பங்குத் திருவிழாச் செலவில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குமாறு பங்குச் சபைகளையும் கேட்டுக்கொள்கிறோம். தன்னடக்கத்தைப் போதிக்கும் திருச்சபை அதைத் தன் செலவுக் கணக்கிலும் காட்டுவது முறையாகும்.