மலைக்கு ஒரு பல்லி!

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. அதற்கும் மேற்கே சேர்வராயன் மலை. தென்மேற்கே கொல்லிமலை. மூன்று மலைகளும் அக்கம்பக்கம்தான். ஆனால் பல்லிக்கு அவை வெகுதூரம்!

1870-ம் ஆண்டில், சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம், சேர்வராயன் மலையில் கண்ட ஒரு பல்லிக்குப் பெயர் வைத்தார். அது ஒல்லியான சிறு பல்லி. இரவில் இரை தேடும். இதே சாயலில் வேறு மலைகளிலும் பல்லிகள் இருந்தன. "எல்லாம் ஒரே இனம்" என்றே நெடுங்காலம் நினைத்தார்கள்.

2019-ல் உண்மை வெளியாயிற்று. ஆராய்ச்சியாளர்கள் பல மலைப் பல்லிகளின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கொல்லிமலைப் பல்லி தனி இனம் என்று தெரிந்தது. 'ஹெமிபில்லோடாக்டைலஸ் கொல்லியென்சிஸ்' என்று மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

காரணம் என்ன? மேலே குளிர்ந்த மலை. சுற்றிலும் வெயில் காயும் சமவெளி. கடல் நடுவே தீவு இருப்பது போல! இந்தச் சின்னப் பல்லி சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போவதில்லை. நெடுங்காலம் தனித்து வாழ்ந்ததால் தனி இனமாகிவிட்டது.

இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கொல்லிமலைப் பல்லி அழிந்தால், சேர்வராயன் பல்லியைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப முடியாது. ஒரு மலையில் காடு போனால், "பக்கத்து மலையில் காடு இருக்கிறதே" என்று சமாதானம் சொல்லவும் முடியாது.

கல்வராயன் மலையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அங்குள்ள சிற்றுயிர்களைத் தேடிக் கணக்கெடுக்க வேண்டும். அதுவரை காட்டுக்குத் தீயோ கோடரியோ கேடு செய்யாமல் காக்க வேண்டும். பெயர் வைக்கும் முன்பே ஓர் உயிரினம் மறைந்துபோக விடலாமா?