அரசு நம்பிய வேதம்

தோழனே!

விடியுமுன் விழித்துக்கொள்ளும் ஊர் போடிநாயக்கனூர். தூக்குச்சட்டியிலே சோற்றை அடைத்து, தலையிலே துண்டைச் சுற்றி, ஜீப்பிலே நெருக்கியடித்து ஏறிப் போடிமெட்டு வழியே ஏலமலைக்குச் செல்கிறார்களே தாய்மார்கள், அவர்களை நீ கண்டிருப்பாய். ஏலக்காய், கிளையிலே தொங்கும் கனியல்ல. செடியின் அடியிலே, மண்ணை ஒட்டிய சரத்திலே காய்ப்பது. குனிந்தால்தான் காய், நாளெல்லாம் குனிந்தால்தான் கூலி! 2019-இல் ஏலத்திலே கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று அந்தக் காய். விலை நிமிர்ந்தது, எடுத்தவளின் முதுகு நிமிரவில்லை.

அந்த ஜீப்பிலே அக்காளும் தங்கையும் அருகருகே அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள். ஒரு வயிற்றிலே பிறந்தவர்கள், ஒரே சேரியிலே வளர்ந்தவர்கள். அக்காள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறாள். தங்கை மாதாகோயிலுக்குப் போகிறாள். அக்காள் பட்டியல் சாதி. தங்கையோ பிற்படுத்தப்பட்டவள் என்கிறது அரசின் ஏடு! தனித்தொகுதியிலே அக்காள் நிற்கலாம்; தங்கை நிற்க முடியாது. சாதி சொல்லி இழிவு செய்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அக்காளுக்குத் துணை வரும், தங்கையைக் கைவிடும். ஏசுகிறவன் மட்டும் இருவரையும் ஒரே சொல்லால்தான் ஏசுகிறான்!

ஏன் இந்த விந்தை? 1950-இல் பிறந்த குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து அல்லாதாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியருக்குக் கதவு திறந்தது. 1990-இல் பௌத்தருக்குத் திறந்தது. கிறித்தவரும் இசுலாமியரும் வாசலிலே நிற்க வைக்கப்பட்டனர். கிறித்தவத்திலே சாதி இல்லையாம், அதனாலாம்!

இல்லைதான், ஏட்டிலே. கொரிந்து நகரிலே சபையார் கூடி உண்ட விருந்திலே, இருப்பவன் முந்தி உண்டான். இல்லாதவன் பசியோடு நின்றான். கேள்விப்பட்ட பவுல் சினந்து எழுதினார். சபை ஓர் உடல். கண்ணுக்குக் கை வேண்டும், தலைக்குக் கால் வேண்டும். எளியதென எண்ணும் உறுப்புக்கே கூடுதல் மதிப்புத் தரவேண்டும் என்றார். கோயில் வாசல் மிதிக்காத நானும் தலைவணங்கும் மடல் அது.

ஆனால் வடக்கன்குளத்திலே நடந்தது என்ன? 1872-இல் எழுந்த தேவாலயத்திலே சாதிக்கொரு பக்கம், நடுவிலே சுவர், 1910-இலேதான் இடிபட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே, செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். புழுவுக்குமா சாதி தெரியும்? பவுலை அரசு நம்பிவிட்டது, தோழனே. சுவர் கட்டியவர்கள் நம்பவில்லை! இரண்டிற்கும் நடுவே நசுங்கியவள் தங்கை.

2007-இல் ரங்கநாத் மிசுரா ஆணையம் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் மீண்டும் ஓர் ஆணையம் அமைத்தார்கள். 2023-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் இயற்றி ஒன்றிய அரசைக் கேட்டது.

"தங்கை வந்தால் என் பங்கு குறையுமே" என்று அக்காள் அஞ்சலாம். அந்த அச்சத்தை எள்ளி நகையாடாதே. ஏழையின் கணக்கு அது. அக்காளின் தட்டிலிருந்து அள்ளித் தங்கைக்கு இடு என்று நாம் கேட்கவில்லை. தலை கூடும்போது பங்கும் கூடட்டும். அதையும் சேர்த்தே கேட்போம்.

அடுத்த தெருமுனைக் கூட்டத்திலே தில்லியை நோக்கி மட்டும் முழங்கிவிட்டு இறங்கிவிடாதே. பங்குச் சாமியாரின் வீட்டுக்கும் நட. எந்தத் தெருவுக்குத் தேர் வருகிறது, எந்தத் தெருவுக்கு வருவதில்லை என்று பணிவோடு கேள்.