மனசைத் தாண்டும் முன் மனசைக் கவனியுங்கள்!

கோவையிலிருந்து தொண்டாமுத்தூர் பக்கம் போனாலே காற்று வேறு மாதிரி இருக்கும். பாக்குத் தோப்பு, வாழைத் தோட்டம், எதிரே மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும் வெள்ளியங்கிரி மலை... 'இங்கே வந்து உக்காந்தாலே மனசு அடங்கிருதுங்க' என்று சொல்லாதவர்கள் குறைவு. கையில் மூங்கில் தடியோடு ஏழு மலை ஏறுகிறவர்களும் சரி, தியானம் பழக அடிவாரத்துக்கு வருகிறவர்களும் சரி, பலரும் தேடுவது ஒன்றைத்தான். 'இந்த மனசோட தொல்லை தாங்கலை. இதைத் தாண்டி நிஜமான நான் யாருன்னு தெரிஞ்சுக்கணும்!'

நல்ல தேடல்தான். நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. ஆனால் இதோடு சேர்ந்து இன்னொரு பேச்சும் வீடுகளில் புழங்குகிறது.

'ஏங்கண்ணு, உனக்கு எதுக்கு மாத்திரை? தியானத்துல உக்காரு, எல்லாஞ் சரியாப் போயிரும். நீ மனசே இல்லைங்கறப்போ மனசுக்கு என்ன வியாதி?'

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆபத்தான பேச்சு! மனசைத் தாண்டுவது வேறு. மனசுக்கு வந்த நோயை மூடி மறைப்பது வேறு. இரண்டையும் குழப்பினால் நஷ்டம் நமக்குத்தான்.

'நான் யார்?' என்றதும் நினைவுக்கு வருபவர் ரமண மகரிஷி. 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் அந்தச் சம்பவம் நடந்தபோது அவருக்கு வயது 16. உடம்பில் எந்த நோயும் இல்லை. திடீரென்று 'சாகப் போகிறேன்' என்று ஒரு பயம். பையன் அலறி ஓடவில்லை. பிணம் மாதிரி நீட்டிப் படுத்து, 'சாவது இந்த உடம்பு. அப்படியானால் நான் யார்?' என்று உள்ளே பார்த்தார். பயம் போனது போனதுதான். சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

இத்தோடு கதையை நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஒரு ஹெல்த் பத்திரிகை வாசகர் கவனிக்க வேண்டும்.

திருவண்ணாமலைக் கோயிலின் பாதாள லிங்கக் குகையில் தன்னை மறந்து உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் தொடையைப் பூச்சிகள் கடித்துப் புண்ணாக்கிவிட்டன. மற்றவர்கள் பார்த்து வெளியே தூக்கி வந்தார்கள். வாயில் சோறு ஊட்டினார்கள். அதாவது, அவர் உடம்பை மறந்த நாட்களில் ஊர் அதைக் கவனித்தது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு ஊர் கிடைக்கும்?

பிற்காலத்தில் அதே ரமணர் விடியற்காலையில் ஆசிரமச் சமையல்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார். பேப்பர் படித்தார். குடும்பத்தை உதறிவிட்டு வர நினைத்தவர்களை, 'இருக்கிற இடத்திலேயே இருந்து தேடுங்கள்' என்றே திருப்பி அனுப்பினார். 1948-ன் கடைசியில் இடது கையில் புற்றுநோய்க் கட்டி வந்தது. 1949 என்ற ஒரே வருஷத்தில் நான்கு ஆபரேஷன். கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. மற்றபடி டாக்டர்கள் கத்தி வைத்ததையோ, கட்டுப் போட்டதையோ தடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி காலமானார். 'நான் உடம்பு அல்ல' என்று வாழ்ந்து காட்டியவரே டாக்டரை விரட்டவில்லை! நாம் ஏன் விரட்ட வேண்டும்?

கோவை ஜில்லாவிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் கண்ட வேதாத்திரி மகரிஷி, கைத்தறி நெசவுக் குடும்பத்தில் பிறந்து தொழிலும் குடும்பமும் நடத்தியவர். அவருடைய பயிற்சி முறையில் தியானத்தோடு உடற்பயிற்சியும் உண்டு. 'நான் யார்?' என்ற ஆராய்ச்சியோடு கோபத்தையும் கவலையையும் சீராக்கும் பயிற்சியும் உண்டு. உடம்பையும் மனசையும் ஒதுக்கிவிட்டு நேரே உச்சிக்குத் தாவச் சொல்லவில்லை அவர்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? சும்மா இருக்கும்போதும் நம் மூளையின் சில பகுதிகள் ஓயாமல் வேலை செய்கின்றன என்பதை அமெரிக்காவில் மார்கஸ் ரெய்க்லே குழுவினர் 2001-ல் விளக்கினார்கள். 'அவன் என்னை அப்படிச் சொன்னானே, நாளைக்கு என் கதி என்ன?' என்று 'என்னை'ச் சுற்றியே ஓடும் எண்ணங்களுக்கும் அந்தப் பகுதிகளுக்கும் சம்பந்தம் உண்டு. பல வருடம் தியானம் செய்தவர்களுக்கு அந்த இரைச்சல் குறைவாக இருப்பதாக யேல் பல்கலைக்கழகத்தினர் 2011-ல் கண்டார்கள். ஆக, தியானத்தால் பலன் உண்டு.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டே! பிரவுன் பல்கலைக்கழகத்தினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தியானம் செய்பவர்களில் சிலருக்குக் கடும் பயம், தூக்கமின்மை, 'நான்' என்பதே கரைந்துபோன மாதிரி ஒரு தவிப்பு வந்ததையும் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே மனநோய் உள்ளவர்கள் நாள்கணக்கில் மௌனம், உபவாசம், தூக்கம் குறைப்பு என்று இறங்குமுன் தங்கள் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

வெள்ளியங்கிரியையே பாருங்களேன். இதயக் கோளாறு, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மலையேற வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. 2024 சீசனில் ஏறும்போதே சிலர் உயிரிழந்தார்கள். 'இதயத்தைச் செக்கப் செய்துகொண்டு ஏறு' என்று சொன்னால் அது சாமி குத்தம் ஆகிவிடுமா? மனசுக்கும் அதே நியாயம்தான்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் இல்லாமல் போனால். யாரும் இல்லாதபோது காதில் குரல் கேட்டால். 'உலகத்தைக் காப்பாற்ற வந்தவன் நான்' என்ற எண்ணத்தில் ராத்திரி பகல் தூங்காமல் திரிந்தால். 'செத்துப் போகலாம்' என்று தோன்றினால்... இவை ஞானம் அல்ல, அறிகுறிகள். சோர்வுக்குத் தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூடக் காரணமாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். போனில் பேசவேண்டுமா? மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவரைத் தனியாக விடாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்!

உங்கள் தியானம் சரியான பாதையில் போகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். கோபம் குறைந்திருக்கிறதா, நன்றாகத் தூங்குகிறீர்களா, பிள்ளையோடு உட்கார்ந்து பேசுகிறீர்களா? 'ஆமா' என்று அவர்கள் சொன்னால், தாராளமாகத் தொடருங்கள். 'நம்மகிட்ட இருந்து விலகி விலகிப் போறாங்க' என்று சொன்னால், கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள்.

மனசைத் தாண்ட ஆசைப்படுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஆற்றைக் கடக்கிறவன் ஓட்டைப் பரிசலில் ஏறுவானா? முதலில் பரிசலைச் சரி பாருங்கள். அக்கரைக்கு அப்புறம் போகலாம்!