கடைசி வரிசைக்கு எட்டாத இலக்கியம்

நம் இலக்கியக் கூட்டங்களில் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு உண்டு. பொன்னாடைக்கு உண்டு, நினைவுப் பரிசுக்கு உண்டு, மேடையின் பின்சுவரை முழுக்க மறைக்கும் பதாகைக்கு உண்டு, தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் உண்டு. எதற்காகக் கூட்டம் கூட்டப்பட்டதோ அந்தப் பேச்சு, கேட்க வந்தவரின் காதில் விழுவதற்கு மட்டும் ஏற்பாடு கிடையாது. அது ‘மைக்செட்காரர் பார்த்துக்கொள்வார்’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடிந்துபோகிறது. கம்பியில்லா ஒலிவாங்கிகள் வந்தபின் இந்த அலட்சியம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கம்பி இருந்தவரை கோளாறு எங்கே என்று தேடிப் பிடிக்கவாவது ஒரு முனை இருந்தது. இப்போது பழியைக் காற்றின்மேல் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம்.

ஒலியமைப்பைச் சரிபார்ப்பது கூட்டம் நடத்துவோரின் இலக்கியப் பொறுப்பு என்பதே நம் வாதம். இதைச் சொன்னால், ‘இலக்கியத்தைப் பேசாமல் மைக்கைப் பேசுகிறார்கள்’ என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இன்னும் சிலர், ஒலிபெருக்கி வராத நாடக மேடைகளில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கடைசி ஆள்வரை கேட்கப் பாடவில்லையா என்று கேட்பார்கள். பாடினார்கள். அதற்கென்றே உச்ச சுருதியில் குரலைப் பழக்கி வைத்திருந்தார்கள். அது அவர்கள் தொழில். ஒரு சிறுகதையாசிரியர் அப்படிப் பழகியவர் அல்லர். தாழ்ந்த குரலில், தயங்கித் தயங்கி, ஒரு சொல்லுக்காக நடுவில் நின்று யோசித்துப் பேசுபவர் அவர். அத்தகைய குரலுக்கும் மேடை உண்டு என்பதை உறுதிசெய்தது ஒலிவாங்கிதான். அது சரியாக இயங்காத அரங்கில் மேடை மறுபடியும் தொண்டைவளம் உள்ளவர்களின் சொத்தாகிவிடுகிறது. நுட்பமாகப் பேசுபவர் ஐந்தாம் நிமிடத்தில் அவையை இழக்கிறார். முழங்குபவர் கைதட்டலோடு இறங்குகிறார். பிறகு நாமே, ‘நம் மேடைகளில் ஆழமான பேச்சு அருகிவிட்டது’ என்று கட்டுரை எழுதுகிறோம்.

இதில் அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை. கையில் பிடிக்கும் ஒலிவாங்கிக்குள்ளோ இடுப்பில் செருகும் பெட்டிக்குள்ளோ இருப்பது ஒரு குட்டி வானொலி நிலையம். மேடையோரத்து ரிசீவர் அதைக் கேட்கும் வானொலிப் பெட்டி. இரண்டும் ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும். அந்த அலைவரிசையில் வேறெவரும் இருக்கக்கூடாது. காலியான அலைவரிசையைத் தேடிக் காட்டும் ‘ஸ்கேன்’ வசதி இன்றைய நல்ல ரிசீவர்களில் இருக்கிறது. நம்முடைய ஒலிவாங்கிகளை அணைத்துவிட்டு, மேடையின் எல்இடி திரை முதலானவற்றை ஓடவிட்டுத் தேட வேண்டும். திரையை அணைத்துவைத்துத் தேடிவிட்டு, விழா தொடங்கும்போது அதை ஒளிரவிட்டால், தேடியது வீண். அத்திரையே குறுக்கீட்டின் பிறப்பிடமாக இருக்கக்கூடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிவாங்கிகள் இருந்தால் இன்னொரு சிக்கல். ஒழுங்கு கருதி 600, 601, 602 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் வைப்போர் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 600உம் 601உம் சேர்ந்து இயங்கும்போது 599இலும் 602இலும் போலி அலைகள் பிறக்கும். 602 மூன்றாம் ஒலிவாங்கியின் இருக்கை அல்லவா? இரண்டு பேச்சாளர்கள் ஒலிவாங்கியை அணைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மூன்றாமவர் பேச எழும்போது கரகரப்பு வருவதற்கு இது ஒரு காரணம். கருவியோடு வரும் ‘குரூப், சேனல்’ அட்டவணை இம்மோதலைத் தவிர்க்கவே போடப்பட்டது. ஒரே குரூப்பிலிருந்து சேனல்களைத் தேர்ந்தால் போதும். அந்த அட்டவணையை எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருக்கிறோம்?

பழைய கருவி வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஜியோ நிறுவனம் நாடு முழுவதற்குமாக வாங்கியது. முன்பு அந்தப் பகுதியில் நன்றாக உழைத்த ஒலிவாங்கி, இன்று கைபேசிகளின் நெரிசலுக்குள் மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து 2010இலும், 600 மெகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியிலிருந்து 2020இலும் ஒலிவாங்கிகள் சட்டப்படி வெளியேற்றப்பட்டன. அங்கே கழிக்கப்பட்ட கருவி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவருவோர் இதை அறிந்திருத்தல் நலம்.

அண்மையில் ஒரு கவிதை நூல் அறிமுகக் கூட்டத்தில் நாம் கண்டது இது. பதாகையை நிறுத்தியிருந்த இரும்புச் சட்டத்துக்குப் பின்னால், தரையில், ரிசீவர் கிடந்தது. கவிஞர் வாசிக்க வாசிக்க இரண்டு சொல்லுக்கு ஒருமுறை ஒலி அறுந்தது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் எழுந்து வந்து சொன்ன யோசனை: ‘கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள்.’ வானொலி அலை அறுவதற்குக் கவிஞரின் தொண்டை என்ன செய்யும்? அவர் சத்தத்தைக் கூட்டினார், கவிதை கெட்டது, அறுபடுவது நிற்கவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கி, ஒலிவாங்கிக்கு நேரே பார்வை படும்படி, தலைக்கு மேலான உயரத்தில் வைத்திருந்தால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

உயரம் ஏன் என்று கேட்கலாம். மனித உடலின் பெரும்பகுதி நீர். அது வானொலி அலையை விழுங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மலிவுக் கருவிகளுக்கு இத்தொல்லை அதிகம். போதாததற்கு வைஃபையும் ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன. ஆகவே, மாலை நான்கு மணிக்குக் காலி அரங்கில் கணீரென்று கேட்ட ஒலிவாங்கி, ஆறு மணிக்கு அவை நிறைந்ததும் விக்கத் தொடங்கும். பேச்சாளர் நிற்கப்போகும், நடக்கப்போகும் இடமெல்லாம் ஒலிவாங்கியோடு நடந்து பார்த்துவிட்டு, அரங்கு நிறைந்ததும் மறுபடி ஒருமுறை சரிபார்ப்பதே முறை.

கருவியைப் பொருத்துவதில் வெளிப்படும் பாரபட்சம் தனியாகப் பேசப்பட வேண்டியது. இடுப்புப் பெட்டி, பெல்ட்டும் கால்சட்டைப் பையும் உள்ள ஆணை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. புடவை கட்டிய எழுத்தாளர் அதை எங்கே செருகுவார்? மேடையேறும் கடைசி நொடியில், அத்தனை பேர் முன்னிலையில், ஒருவர் கம்பியை நீட்டிக்கொண்டு அவர் முன்னால் நிற்பது எவ்வளவு அநாகரிகம்! உடையில் குத்தும் குட்டி ஒலிவாங்கியோ முந்தானை உரசும் சத்தத்தையும் கழுத்துச் சங்கிலியின் சத்தத்தையும் பேச்சைவிடத் தெளிவாகத் தரும். எது வசதி என்று அவரை முன்கூட்டியே கேட்டிருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. படைப்பை வாசிப்பவர் ஆணோ பெண்ணோ, ஒரு கையில் ஒலிவாங்கியும் மறு கையில் புத்தகமுமாக நிற்க வைத்தால் பக்கத்தை எதால் புரட்டுவார்? கம்பியில்லா ஒலிவாங்கிக்கும் ஒரு தாங்கி தேவை. அது அவரவர் உயரத்துக்கு இறங்கவும் வேண்டும். முந்தைய பேச்சாளருக்கு வைத்த அளவிலேயே அடுத்தவரையும் பேசவிட்டு, ‘பெண்களின் குரல் எடுபடாது’ என்று தீர்ப்பெழுதுவதைக் காட்டிலும், கலவைப் பலகையில் ஒரு குமிழைத் திருப்புவது எளிது.

கேள்வி நேரம் இன்னொரு கொடுமை. ‘எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்’ என்று பெருமையோடு எழுபவரை நாம் அறிவோம். அவர் குரல் அரங்குக்குப் போதலாம். ஒளிப்பதிவுக்குப் போதாது, காது மந்தமானவருக்கும் போதாது. நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவோரில் முதியவர்கள் கணிசம். முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண்கள். மெய்யெழுத்துகளின் கூர்மை பெரிதும் அங்கேதான் இருக்கிறது. கனத்த அடிச்சத்தத்தை ஏற்றி, அரங்கை அதிரவைத்து, ‘நல்லா கேட்குதா?’ என்றால் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. பதிவுகளின் கதி இதைவிட மோசம். எழுத்தாளர் யாருக்கோ, எதற்கோ விடை சொல்லிக்கொண்டிருக்கிறார். கேள்வி இருந்த இடத்தில் வெறும் இரைச்சல். அவர் மறைந்தபின் நம்மிடம் எஞ்சப்போவது அந்தப் பதிவுதான்.

இனி அந்த மைக்செட்காரருக்கு வருவோம். அவருக்கு நிகழ்ச்சி நிரலை யாரும் கொடுப்பதில்லை. எத்தனை பேர் பேசுகிறார்கள், யார் வாசிக்கிறார், யார் பாடுகிறார் என்று சொல்வதில்லை. புதிய மின்கலம் வாங்கக் காசு கேட்டால் பேரம் பேசுவோம். கோளாறு வந்தால் மட்டும் மேடையிலிருந்தே, ‘என்னப்பா பண்றே அங்க?’ என்று ஒருமையில் அதட்டுவோம். மானுட சமத்துவம் பற்றிய உரைக்கு நடுவில்கூட இது நடக்கிறது. பேச்சாளரோ ஒலிவாங்கியின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார். அதனால் கூச்சல் எழும். திட்டு வாங்குபவர் இயக்குபவர்.

நாம் கேட்பது அதிகமில்லை. ஒலியமைப்பாளருக்கு ஒரு நாள் முன்பே நிரலைக் கொடுங்கள். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக அரங்கைத் திறந்துவிடுங்கள். புதிய மின்கலங்களுக்கான தொகையைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதுங்கள். அவையில் கைமாறுவதற்கென்றே ஓர் ஒலிவாங்கியும் அதைக் கொண்டுசெல்ல ஓர் இளைஞரும் இருக்கட்டும். குழுவில் ஒருவர், ஒரே ஒருவர், கூட்டம் தொடங்கியதும் முன்வரிசை நாற்காலியை விட்டு எழுந்து கடைசி வரிசையில் போய் உட்காரட்டும். அங்கே அவருக்குக் கேட்கவில்லையென்றால் பேச்சை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும், தலைவரே பேசிக்கொண்டிருந்தாலும். இதற்கெல்லாம் பணமில்லை என்பவர்கள் இரண்டு பொன்னாடைகளைக் குறைத்துப் பார்க்கட்டும்.