ஏஸ் ஜோடி வந்தா மட்டும் திறமைசாலியா?

போக்கர் திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? தமிழ்நாட்டில் கோர்ட் வரைக்கும் போன கேள்வி இது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசின் ஆன்லைன் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. அரசு 2022-ல் புதுச் சட்டம் போட்டது. 2023 நவம்பர் 9-ல் அதே நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை செல்லாது என்றது. அவ்வளவுதான், சீட்டைக் கையில் எடுத்தவரெல்லாம் திறமைசாலி ஆகிவிட்டார்!

வில்லங்கமே இங்கேதான். இரண்டு ஏஸ் வருவது 221-ல் ஒரு தடவை. எந்தக் கொம்பனுக்கும் அதே கணக்குதான். வந்த பிறகு எவ்வளவு கட்டுகிறார் என்பதில்தான் திறமை. அங்கேதான் நம்மாளுங்க சொதப்புறாங்க.

முதல் ரகம், 'பொறி வைக்கும்' ஆசாமி. ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு ஏற்றாமல் சும்மா கால் பண்ணுவார். எதிரே ஏதோ ஒரு கையோடு ஒருவர் மட்டும் இருந்தால் ஜெயிக்க வாய்ப்பு சுமார் 85 சதவீதம். நாலு பேர் உள்ளே வந்துவிட்டால் சுமார் 56. "அப்பவும் பாதிக்கு மேலதானே, நடுவுல சிப்ஸும் ஜாஸ்தியாச்சே" என்பார்கள். கேஷ் ஆட்டம் என்றால் பையிலிருந்து மறுபடி காசு எடுக்கலாம். டோர்னமென்ட்டில் சிப்ஸ் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டாவது ரகம், பயந்தாங்கொள்ளி. பிளைண்ட் 500/1000, ஆன்ட்டி 1000. நடுவில் இருப்பதே 2500. அதைப் பிடிக்க 40,000-ஐயும் தள்ளுவார். சின்னக் கையெல்லாம் ஓடிவிடும். கையில் இருப்பது குயின் ஜோடி, எதிரே வந்தது கிங் ஜோடி என்றால் வாய்ப்பு 5-ல் ஒன்றுகூட இல்லை. (சிப்ஸ் 10 பிளைண்டுக்குச் சுருங்கியிருந்தால் தள்ளுவது சரி. அது வேற கதை.)

நடுவழி இதுதான். எந்தக் கை வந்தாலும் ஒரே அளவாக 2500-க்கு ஏற்றுவது. பிக் பிளைண்ட் மட்டும் வந்தால் நடுவில் 6500. மேஜையில் இரண்டு ஹார்ட்ஸ், எதிராளி ஃபிளஷ்ஷுக்குக் காத்திருக்கிறார் என்று வையுங்கள். அடுத்த சீட்டில் அது வர வாய்ப்பு 47-ல் 9, அதாவது 19 சதவீதம். 2000 கட்டினால் அவர் 10,500-க்கு 2000 தருகிறார். அதுவும் 19 சதவீதம்! அடக்க விலைக்கே கொடுத்த மாதிரி. 4500 கட்டினால் அவர் தருவது 29 சதவீதம். இப்போது நஷ்டம் அவருக்கு.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை விற்பவருக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மலிவாகக் கொடுத்தால் கூட்டம் வரும், லாபம் வராது. ஆகாசத்துக்கு ஏற்றினால் ஈ ஓட்டணும். காமர்ஸ் படித்துவிட்டு இதை மறக்கலாமா மக்களே?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ, எல்லாவற்றுக்கும் தடை என்றது. அதற்கும் கோபப்படுகிறார்கள், "எங்க திறமை என்னாவது" என்று. கோர்ட் திறமை என்று சொன்னது ஆட்டத்தை. ஆடுகிறவருக்கு யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. அந்த வார்த்தையை நம்பி ஃபீஸ் காசைக் கட்டியவர், தனக்கு அந்தத் திறமை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவே இல்லை.

இனி யாராவது "ஏஸ் ஜோடியை வெச்சுத் தோத்துட்டேன், நேரம் சரியில்ல" என்று புலம்பினால் ஒரே கேள்வி கேளுங்கள்: எவ்வளவு கட்டினீங்க?