புண் தெரியாத வலி



2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டையை அடுத்த இராமுதேவன்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 10 பேர் உயிரிழந்தனர். அத்தகைய நாள்களில் நம் மக்கள் எதையும் கேளாமல் 108 வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்குகின்றனர். தீப்புண் கண்ணுக்குத் தெரிகிறது; ஐயுற இடமில்லை. புண்ணே இல்லாமல் துடிப்பவரை நாம் அவ்வாறு நம்புகிறோமா?

அரிவாள் செல் இரத்தசோகை அத்தகைய துடிப்பைத் தரும் நோய். தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் குறைபாட்டால் சிவப்பணுக்கள் பிறைபோல் வளைந்து நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைக்கின்றன. இரத்தம் எட்டாத எலும்பில் தாங்கவொண்ணா வலி எழும்; வெளியே ஒரு கீறலும் இராது. இந்தியாவில் இது 1952இல் நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மலைவாழ் மக்களின் நோய் என்று ஒதுக்கிவிட வேண்டா. நம் பிள்ளைகள் பிழைக்கச் செல்லும் சவூதியின் கிழக்கு மாகாணத்திலும் இது மிகுதி. அந்நாட்டில் 2004 முதல் நிக்காஹ்வுக்கு முன் இதற்கான இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

2019இல் இலண்டனில் இந்நோயுற்ற 21 வயது இளைஞர் ஒருவர், மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே, ஆக்சிஜன் வேண்டி நாட்டின் அவசர எண்ணை அழைத்தார். பின்னர் அவர் இறந்தார். மருந்தும் மருத்துவரும் இல்லாத ஊரன்று அது. அவர் சொன்னதை நம்பிச் செவிசாய்ப்பார் இல்லை.

நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். வயிற்றுவலி என்று அழுத மாணவன் ஒருவனிடம், பாடத்திற்கு அஞ்சி நடிக்கிறான் என்றெண்ணி, "சபூர் செய்" என்றோம். மறுநாள் குடல்வால் அறுவைக்குக் கொண்டுசென்றனர். அன்று முதல் அச்சொல்லைப் பிறர் வலியின்மேல் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. அய்யூப் நபி (அலை) அவர்களே தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். அவர்களைப் பொறுமையற்றவர் என்பார் உண்டா?

இந்நோயாளி வலியென்று வந்தால், ஒரு மணி நேரத்திற்குள் வலிநீக்கி மருந்து கிடைக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல், வாய் கோணுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. வலிக்கும் இடத்தில் பனிக்கட்டி வைப்பது தீங்கு. குளிர்ச்சி அடைப்பை மிகுவிக்கும். நீர் வற்றினாலும் அவ்வாறே. ஆகவே ரமளானில், அதிலும் நம் கரிசல் வெயிலில், மருத்துவரைக் கேளாமல் இவர்களை நோன்பு நோற்கச் சொல்லாதீர். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை மாமியாரும் ஜமாஅத்தாரும் பறிப்பது எவ்வகை இறையச்சம்?

இந்நோயுள்ள பிள்ளையை மதரஸாவில் சேர்ப்போர், நோயின் பெயரும் உண்ணும் மருந்தும் எழுதிய மருத்துவச் சீட்டின் நகலொன்றை உஸ்தாதிடம் கொடுத்து வையுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் இந்நோயை ஒருமுறைகூடக் கண்டிராதவராக இருக்கலாம். பிள்ளையும் பேசும் நிலையில் இராது.